ஐந்தாம் தளத்தில் பதினோரு பூட்டுகள்

எங்கள் விசாரணைப் படிவம் ஏழு பக்கம். ஆறாவது பக்கத்தில் ‘பிரச்சனைக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. கையெழுத்தைச் சிறிதாக்கினால் இரண்டு வரி எழுதலாம். பதினெட்டு வருஷமாக அந்த இரண்டு வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். தகப்பன் குடி, தாய் அலட்சியம், உறவினர் ஆதரவு இல்லை என்று பத்துப் பன்னிரண்டு காரணங்கள் கைவசம் உண்டு. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஜான்சி விஷயத்திலும் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

என் பெயர் ஏகநாதன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தட்டச்சுப் பள்ளியின் மாடியில் எங்கள் தொண்டு நிறுவனம். குழந்தைகள் நலக் குழு எந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறதோ அந்த வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை தருவது எங்கள் வேலை. பிள்ளையைத் தாயிடம் திருப்பி அனுப்புவதா, இல்லத்திலேயே வைப்பதா என்று குழுதான் முடிவு செய்யும். ஆனால் நாங்கள் எழுதுகிற பக்கமாகத்தான் பெரும்பாலும் அது சாயும்.

நவம்பர் கடைசி. மழைக்காகப் பள்ளிகளுக்கு லீவு விட்ட இரண்டாம் நாள். ஆற்றோரக் குடிசைகளை எடுத்துவிட்டு, அங்கிருந்தவர்களை மேடவாக்கத்துக்கு அப்பால் எட்டு மாடிக் கட்டடங்களில் குடிவைத்திருந்தார்கள். அதில் ஒரு பிளாக்கின் ஐந்தாம் தளத்தில் மீட்டர் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிப் புகைய ஆரம்பித்தது. பையன்கள் சிலர் தளம் முழுக்கக் கதவைத் தட்டி ஆட்களை வெளியே கூட்டிவந்தார்கள். பூட்டுத் தொங்கிய வீடுகளையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஆளில்லை என்று கீழே ஓடிவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து 514ஆம் எண் வீட்டின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதுப் பெண் ஒருத்தி அலறினாள். திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை உடைத்தார்கள். அதற்குள் யாரோ மெயினை அணைத்துவிட்டதால் தீ பரவவில்லை. அந்தப் பெண் ஜோசலினுக்கு இருமலைத் தவிர ஒன்றும் இல்லை.

ஆனால் உடைத்ததை ஒருவன் செல்போனில் எடுத்துப் போட்டுவிட்டான். ‘இவளெல்லாம் ஒரு தாயா’ என்று தலைப்பு வேறு. சாயங்காலத்துக்குள் அது என் மனைவியின் போனுக்கே வந்துவிட்டது. அன்றைக்கே பிள்ளையை, விசாரணை முடியும்வரை குழந்தைகளை வைத்திருக்கிற வரவேற்பு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த புதன்கிழமை குழுவின் முன் விசாரணை. அதற்குள் அறிக்கை வேண்டும்.

சனிக்கிழமை மழையோடு என் பைக்கில் கிளம்பினேன். பின்னால் கெசியா, படிவத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரெயின்கோட்டுக்குள் வைத்திருந்தாள். அஸ்தினாபுரத்துப் பெண், அப்பா அம்மா இரண்டு பேரும் பள்ளி ஆசிரியர்கள். சமூகவியலில் எம்.ஏ. முடித்து, அதற்கு மேல் சமூகப்பணியும் படித்துவிட்டு ஜூன் மாதம் எங்களிடம் சேர்ந்தவள். எனக்குச் சமூகவியல் என்றாலே கடுப்பு. பசிக்கிறது என்று வந்தவனிடம் பசியின் வரலாற்றைச் சொல்கிற படிப்பு அது என்று ஆபீசில் அவளைக் கிண்டல் செய்வேன். அவளும் சிரித்துக்கொள்வாள்.

லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி ஏறி முடித்தபோது என் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. தாழ்வாரம் முழுக்க ஈரத் துணியும் கரிந்த ஒயரும் சேர்ந்து நாறியது. 514இல் ஒரே அறை, சமைக்க ஒரு மூலை. ஜோசலினின் அம்மா ஜான்சிக்கு முப்பது வயது இருக்கும். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் தங்கும் தனியார் ஹாஸ்டல் ஒன்றில் தரை துடைக்கிற, கக்கூஸ் கழுவுகிற வேலை. அன்றைக்கும் போய்விட்டு வந்திருந்தாள், கையில் பினாயில் வாசம் போகவில்லை. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“நாளிக்கி ஹோம்ல பாக்க வுடறேன்னாங்க சார். ஜோசுக்கு கருவாடுன்னா உசிரு. எடுத்துகினு போலாம்னு வெச்சேன். உள்ள வுடுவாங்களா?”

“வெளிச் சாப்பாடு விட மாட்டாங்கம்மா.”

அவள் அடுப்பை அணைக்கவில்லை. கரண்டியால் கிளறிக்கொண்டே நின்றாள். நான் படிவத்தைப் பிரித்தேன்.

“பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டினது நீங்கதானே?”

“நாந்தான் சார்.”

“எத்தனை நாளா இப்படி?”

“இங்க வந்ததுலேர்ந்து. ஒன்றர வர்சம்.”

“தப்புன்னு தெரியலையா?”

“தெரியும் சார்.”

எனக்கு அது போதும். பேனாவை எடுத்து ஆறாம் பக்கத்தில் ‘தாயின் அலட்சியம்’ என்று எழுதினேன். இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கெசியா மட்டும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“காலைல எத்தனை மணிக்குக்கா கிளம்புவீங்க?”

“நாலரைக்கு. மொத பஸ்ஸு தாம்பரம், அங்கேர்ந்து டிரெயினு. ஆறு மணிக்கு உள்ள இருக்கணும், லேட்டுன்னா அர நாளு போச்சு. ரெண்டு மணிக்கு வுட்ருவாங்க. இஸ்கோல் இருந்தா, எட்டரைக்கு செல்லம்மாக்கா வந்து பூட்டத் தொறந்து அனுப்பிவுடும். அத்தாண்ட ஒரு சாவி கீது. அன்னிக்கு அது காய்ச்சல்னு ஆஸ்பத்திரில போயி குந்திகினு இருந்திச்சு.”

“உங்க வீட்டுக்காரர்?”

“சாலமன் பெயின்ட் வேல. ஒரகடத்தாண்ட சைட்டு. ஞாயித்திக்கெழம ஒண்டிதான் வரும்.”

“ஆத்தோரத்துல இருந்தப்போ ஜோசலினை யாரு பாத்துக்கிட்டாங்க?”

ஜான்சி முதல் தடவையாகச் சிரித்தாள். “இன்னா மேடம் கேக்குறீங்க. யாரு பாத்துகினா? யாரும் பாத்துக்கல. அது பாட்டுக்கு இருந்திச்சு.”

கேட்டுக்கொள், அங்கேயும் இதே கதைதான் என்பதுபோல நான் கெசியாவைப் பார்த்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“அது பாட்டுக்குன்னா எப்படிக்கா? காலைல எழுந்ததும் என்ன பண்ணுவா?”

“எழுந்து எதிர் வூட்ல போயி குந்தும். நாஸ்டா அங்கதான். அப்பால மூணாவது வூட்டு அக்காவாண்ட போவும். அது நைட்டு வேல, பகல்ல வூட்லதான் கெடக்கும். எட்டு வூடு மேடம், மூஞ்சிக்கு மூஞ்சி. கதவே கெடையாது, தட்டிதான். எவனாச்சும் புதுசா சந்துல கால வெச்சான்னா, யார்யா நீன்னு எட்டு பேரும் கேப்போம்.”

“அந்த எட்டு வீட்டுக்காரங்களும் இப்ப எங்க?”

“குலுக்கல் போட்டுல்ல வூடு குடுத்தாங்க. ஒருத்தி அந்தக் கோடி பிளாக்ல எட்டாவது மாடி, ஒருத்தி ரோட்டுக்கு அந்தாண்ட. செல்லம்மாக்கா ஒண்டிதான் என்கூட இதே மாடில. மத்தவங்களாம் எங்கெங்கேர்ந்தோ வந்தவங்க. பேரு தெரியறதுக்கே ஒரு வர்சம் ஆச்சு.”

கெசியா ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். படிவத்தில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. எனக்குக் கோபம் வந்தது.

“சரிம்மா, எல்லாம் இருக்கட்டும். வெளிய ஏன் பூட்டணும்? உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கோன்னு சொல்லத் தெரியாதா உனக்கு?”

“உள்ளார தாப்பா போட்டுகினா உள்ள ஆளு கீதுன்னு தெரிஞ்சிடும்ல சார்? படிக்கட்டு பூரா எவன் எவனோ குந்திகினு இருக்கான். வந்து தட்டுவான். எதுனா நல்ல மாதிரியா பேசுவான், புள்ள தொறந்துடும். வெளிய பூட்டு தொங்குச்சுன்னா ஆளில்லாத வூடுன்னு போய்கினே இருப்பான். பொட்டப்புள்ள சார்.” கரண்டியைக் கீழே வைத்தாள். “யார் வந்து தட்னாலும் மூச்சு வுடக் கூடாது, கம்முனு கெடன்னு சொல்லி வெச்சிருந்தேன். அன்னிக்கு பசங்க வந்து தட்டிக்கிறாங்க. பொக உள்ள வர வரைக்கும் கம்முனே இருந்துக்குது சார். நா சொன்னேன்னு. நா சொன்னேன்னு கம்முனே இருந்துக்குது.”

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. கெசியாதான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

படிக்கட்டில் இறங்கும்போது அவள் கேட்டாள்: “இதுக்குப் பேரு அலட்சியமா சார்?”

“பூட்டினது யாரு? மழையா? குலுக்கல் போட்டவனா?”

“அவங்க பூட்டினாங்க, சரி. இந்த மாடில இன்னும் யாரெல்லாம் பூட்டுறாங்க சார்? அதை நாம யாரையுமே கேக்கலையே.”

“அது நம்ம கேஸ் இல்ல.”

“ப்ளீஸ் சார். திங்கட்கிழமையும் மழை லீவுதான் விடுவாங்க போல. ஒரே ஒரு தடவை காலைல வந்து பாத்துடலாம்.”

சொன்னது போலவே திங்கட்கிழமையும் லீவு. காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் அந்த ஐந்து மாடி. தளத்தில் முப்பத்திரண்டு கதவு. பத்தொன்பதில் பூட்டு. கெசியா ஒவ்வொரு பூட்டுக் கதவிலும் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பார்ப்பவர்கள் திருடி என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று நான் பின்னாலேயே போனேன். 503இல் கார்ட்டூன் சத்தம். 506இல் யாரோ பாத்திரத்தை உருட்டினார்கள். 509இல் இரண்டு பிள்ளைகள் ரகசியக் குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு எண்ணையும் என் பாக்கெட் டைரியில் எழுதினேன். அது பழக்கதோஷம், கையில் பேனா இருந்தால் எழுதிவிடுவேன்.

521இல் கெசியா மெதுவாகத் தட்டினாள். உள்ளே டிவி சட்டென்று நின்றது. அவள் மறுபடியும் தட்டினாள். கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து, நான்கு வயசு இருக்குமோ என்னவோ, ஒரு பொடிக் குரல் வந்தது.

“வூட்ல யாரும் இல்ல.”

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். டைரியில் இதோடு பத்து எண், ஜான்சி வீட்டையும் சேர்த்தால் பதினோரு வீடு. புகை வந்த அன்றைக்கும் மழை லீவுதான். அன்றைக்கும் இந்தப் பதினோரு வீட்டுக்குள்ளும் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். பையன்கள் தட்டியிருக்கிறார்கள், பிள்ளைகள் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார்கள். சத்தம் போட்டது ஒருத்திதான். அவளைத்தான் நாங்கள் வண்டி வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். டைரியை மூடிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் எண்ணியதைச் செல்லம்மா பார்த்திருக்கிறாள். மூன்றரை மணிக்கு அவளும் வேலை முடிந்த ஜான்சியும் தாம்பரம் ஆபீஸ் படியேறி வந்துவிட்டார்கள். செல்லம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல், கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவுகிறவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“இன்னாத்துக்கு சார் கதவு கதவா காத வெச்சிகினு போனீங்க? மாடி பூரா பேஜாராப்பூடுச்சு. இவளுக்குப் புள்ள வரணும்னு எங்க புள்ளிங்கள காட்டிக் குடுத்துட்டாளான்னு கேக்குறாளுங்க. இவ ஒண்ணும் சொல்லல சார், என்னாண்ட கூட சொல்லல.”

கெசியா எழுந்து வந்தாள். “அக்கா, அப்படி இல்ல. ஜான்சியக்கா மட்டும் மோசமான அம்மான்னு எல்லாரும் சொல்றாங்க. பதினோரு வீட்டுல இதே மாதிரின்னா, அது அவங்க குணம் கிடையாது. வேலை எங்கயோ, வீடு எங்கயோ, பள்ளிக்கூடம் திறக்கிறது எத்தனையோ மணிக்கு. இதை எழுதினாதான் குழுவுக்குப் புரியும்.”

“பதினோரு பேருன்னு எழுதுனா இன்னா பண்ணுவாங்க மேடம்?” என்றாள் ஜான்சி. “எனக்கு ஒரு வண்டி அனுப்சாங்க. இப்ப பதினோரு வண்டி அனுப்புவாங்க.”

அதற்குப் பதில் கெசியா படித்த எந்தப் புத்தகத்திலும் இருந்திருக்காது. என் பதினெட்டு வருஷத்திலும் இல்லை. கீழே தட்டச்சு இயந்திரங்கள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன.

“எம்புள்ள வர்லன்னாலும் பரவால்லன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல மேடம்,” ஜான்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள். “வரணும். நேத்து பாத்தேன், யார்கிட்டயும் பேச மாட்டேங்குதாம். கம்முனே கீதாம். வரணும் மேடம். ஆனா அவங்க வூட்டு நம்பரு ஒண்ணு கூட எழுதாதீங்க.”

கெசியா அன்று ராத்திரியும் மறுநாள் முழுக்கவும் உட்கார்ந்து நான்கு பக்க இணைப்பு ஒன்று எழுதினாள். முப்பத்திரண்டில் பதினோரு வீடு, எண்கள் இல்லை. தாய்மார் கிளம்பும் நேரம், பஸ் நேரம், பள்ளி நேரம், குலுக்கலில் சிதறிய சந்து. கடைசியில் ஒரு கோரிக்கை: அந்த பிளாக்கின் தரைத்தளத்தில் வந்த நாளிலிருந்து பூட்டிக் கிடக்கும் பொது அறையை விடியற்காலை நாலரைக்குத் திறந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போட வேண்டும். அறிக்கையில் என் கையெழுத்து வேண்டும். ஆறாம் பக்கத்தைத் திருப்பினேன். ‘தாயின் அலட்சியம்’ என்று என் கையெழுத்தில் கொட்டை கொட்டையாக இருந்தது. அதை அடித்துவிட்டு ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று எழுதினேன். படிவத்தில் நான் அடித்துத் திருத்தியது அதுதான் முதல் தடவை, கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது.

புதன்கிழமை குழுவின் தலைவி இணைப்பை முழுக்கப் படித்தார். நல்ல மனுஷி, ஆபத்து என்று தெரிந்தால் அத்தனை பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லிவிடுவார். அதனால்தான் பயமாக இருந்தது.

“பதினோரு வீட்டுல குழந்தைங்களைப் பூட்டி வச்சிருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க. எந்தெந்த வீடு?”

“நம்பர் எடுக்கல மேடம்,” என்றாள் கெசியா. குரல் உடைந்தது, அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

தலைவி என் பக்கம் திரும்பினார். “ஏகநாதன், நீங்க இத்தனை வருஷ அனுபவம். நீங்க குறிச்சு வச்சிருப்பீங்களே?”

டைரி என் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது. ஜான்சி என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாலமன், பெயின்ட் சிதறிய பேன்ட்டோடு, சைட்டிலிருந்து நேரே வந்திருந்தான்.

“இல்லீங்க மேடம். சத்தம் கேட்டதோட சரி.”

இந்தக் குழுவின் முன் நான் பொய் சொன்னதே இல்லை. இனி அந்தத் தளத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அதற்கு நான்தான் பொறுப்பு. எண்களைக் கொடுத்திருந்தால் பொறுப்பு என் கையை விட்டுப் போயிருக்கும். இத்தனை வருஷமும் நான் அப்படித்தான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

உத்தரவு வந்தது. ஜோசலினைத் தாயிடம் ஒப்படைக்கலாம். இனி ஒரு தடவை வெளியே பூட்டினாலும் பிள்ளை திரும்ப இல்லத்துக்குத்தான். முன்னறிவிப்பு இல்லாமல் மாதம் இருமுறை ஏகநாதன் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். தரைத்தள அறை பற்றிய கோரிக்கை சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்படுகிறது. ஜோசலின் வெளியே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் தடவை நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாலமன் வீட்டில் இருந்தான், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. பூட்டுத் தொங்க வாய்ப்பே இல்லாத நாளாகப் பார்த்துத்தான் நான் போனேன். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

டிசம்பர் மூன்றாம் வாரம் மறுபடியும் புயல் சின்னம், மறுபடியும் லீவு. காலையில் டிவியில் அறிவிப்பைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். எட்டு மணிக்கெல்லாம் அந்தப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில் எவனோ இரண்டு பேர் சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு வழி விடவில்லை, தாண்டித்தான் போனேன்.

514இல் பூட்டு. புதிதாக, பெரிதாக.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. உனக்காக அங்கே நின்று பொய் சொன்னேனே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று வாய்விட்டே திட்டினேன். கதவைத் தட்டினேன். உள்ளே ஏதோ சத்தம் சட்டென்று அடங்கியது. மறுபடியும் பலமாகத் தட்டினேன்.

“வூட்ல யாரும் இல்ல.” ஜோசலின் குரல்.

பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். உத்தரவுக்குப் பிறகு அதில் சேர்த்த கேள்வி: ‘குழந்தை வெளியிலிருந்து பூட்டப்படுகிறதா? ஆம் / இல்லை.’ எழுதாவிட்டால் நான் மனுஷனா, எழுதிவிட்டால் இந்தப் பிள்ளை மறுபடியும் அந்த வேனில் ஏறும். மற்ற வீடுகளையும் பார்த்துவிடலாம் என்று தாழ்வாரத்தில் நடந்தேன். 503, 506, 509, 521. எல்லாவற்றிலும் பூட்டு. ஆனால் எதிலும் டிவி ஓடவில்லை, பாத்திரம் உருளவில்லை. காதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றும் ஒரு சத்தம் இல்லை. 514க்கே ஓடி வந்தேன்.

“ஜோசலின், நான்தாம்மா, ஏகநாதன் சார். தனியாத்தான் வந்திருக்கேன். ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

உள்ளே குசுகுசுப்பு. ஒரு குரல் இல்லை, பல குரல். பிறகு உள்பக்கத் தாழ்ப்பாள் விலகியது. பூட்டோடு, கொண்டியோடு, நிலையில் அடித்திருந்த வளையத்தோடு சேர்ந்து கதவு உள்ளே போனது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. கரண்டியும் கையுமாக ஜான்சி நின்றாள்.

“வா சார். பயந்துட்டியா?”

பின்னால் அறை முழுக்கப் பிள்ளைகள். பாயில், கட்டிலின் அடியில், ஜன்னல் திண்டில். ஆளுக்கு ஒரு தட்டு, தட்டில் ரவை உப்புமா. கதவடியில் பேசிய அந்தப் பொடிசு ஜோசலின் மடியில் உட்கார்ந்திருந்தது.

“சாலமன் வேல சார். வளையத்து ஸ்க்ரூவ கழட்டிட்டு, தலைய ஒண்டி வெட்டி ஒட்டிக்குது. பாக்கறவனுக்கு பூட்டுதான். உள்ளேர்ந்து ஒரு இழு இழுத்தா வந்துடும். பதினோரு வூட்டுக்கும் இப்புடித்தான் பண்ணிக் குடுத்துச்சு. இன்னிக்கி என் மொற, நாளிக்கி செல்லம்மாக்கா.”

“அப்ப வேலை?”

“இன்னிக்கி போச்சு. பதினோரு நாளிக்கு ஒரு தபா போவும். இன்னா பண்றது சார்.” ஒரு தட்டில் உப்புமாவைப் போட்டு என்னிடம் நீட்டினாள். “கீழ அந்த ரூம தொறப்பாங்கன்னு மேடம் சொல்லிச்சே. எதுனா தெரிஞ்சுதா?”

எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து உப்புமாவைச் சாப்பிட்டேன், உப்பு கொஞ்சம் கூடுதல். படிவத்தில் ‘இல்லை’யை வட்டமிட்டேன். நான் வெளியே வந்ததும் ஜோசலின் கதவைச் சாத்தினாள், வளையம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. எத்தனை உற்றுப் பார்த்தாலும் பூட்டிய வீடுதான்.

தரைத்தளத்தில் அந்தப் பொது அறைக்கு முன்னால் மழைத்தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. செருப்போடு இறங்கிப் போனேன். பூட்டில் துருவேறி, அரக்கு முத்திரை பாதி உதிர்ந்திருந்தது. வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கதவை ஒரு தட்டுத் தட்டினேன். கொஞ்ச நேரம் நின்று, இன்னொரு தடவையும் தட்டினேன். உள்ளிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

சுவரில் படிவத்தை வைத்து ஆறாம் பக்கத்தைத் திருப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் அந்தப் பொது அறைக் கதவின் எண்ணை எழுதினேன். மீதி இருந்த வரியில் ‘வெளியே பூட்டு. உள்ளே யாரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.